கல்லு உன் எடையைக் கேக்காதுலே

ஏலே பேராண்டி, 86 கிலோ உடம்பை வெச்சுக்கிட்டு பலசாலிப் போட்டியில 80 கிலோ பிரிவுல நிக்கப்போறேன்னு சொன்னியாமே. உங்க அம்மை எங்கிட்ட வந்து, "பயலுக்குக் காய்ச்சலா, காதலான்னே தெரியல மாமா, சோத்தைக் கண்டா மூஞ்சியைத் திருப்புதான்"னு கண்ணைக் கசக்குதா. நான்தான் சமாதானம் சொன்னேன்: "ரெண்டும் இல்ல தாயி. உம்மவன் பலசாலி ஆகப்போறான். அதான் பட்டினி கிடக்கான்."

எடைப் பிரிவுல நிக்கது ஒண்ணும் கேவலமில்ல. பிரிவே இல்லாம இருந்தா என்ன ஆவும்னு ஃபிராங்கோ கொலம்பு கதையைக் கேட்டாத் தெரியும். 1977-ல கலிஃபோர்னியா யுனிவர்சல் ஸ்டுடியோவுல மொத மொதல்ல 'உலகின் மிகப் பலசாலி' போட்டி வெச்சான். கொலம்பு அதுல ஒரு ஆளு. சார்டினியாத் தீவுக்காரன், குள்ளமான மனுசன், எடை 80 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. சொத்தைன்னு நெனச்சிராத. அதுக்கு முந்தின வருசம்தான் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வாங்கினவன். சுத்தி நின்னவனெல்லாம் அவனைவிட ரொம்பக் கனத்த ஆளுங்க. அந்தப் போட்டியில ஒரு கூத்து, முதுவுல குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஓடணும். கொலம்பு ஓடினான். கால் இடறி முழங்கால் பிசகி, அதோட அவன் போட்டி முடிஞ்சுது. ஜெயிச்சது புரூஸ் வில்ஹெல்ம்ங்கற ராட்சசன். பெட்டி எல்லாருக்கும் ஒரே பெட்டிதான். முதுகுதான் வேற வேற.

பொறவுதான் நாலு பேரு யோசிச்சு ஆம்பளைகளுக்கு 80-க்குக் கீழ, 90-க்குக் கீழ, 105-க்குக் கீழன்னு பிரிச்சான். பொம்பளைகளுக்கும் தனித்தனிப் பிரிவு வந்துச்சு. நல்ல காரியம். இல்லாட்டி நீ எடி ஹால் பக்கத்துலல்லா நிக்கணும்? அந்த ஆளு 2016-ல லீட்ஸ் நகரத்துல 500 கிலோவைத் தரையிலிருந்து தூக்கினான். தூக்கி முடிச்சதும் மூக்குல ரத்தம் வந்து மயங்கிச் சாஞ்சான். 2020-ல ஐஸ்லாந்துக்காரன் பியோர்ன்சன் 501 தூக்கினான். ரெண்டு பேருமே ஏறக்குறைய 200 கிலோ உடம்பு. எடி ஹால் அந்தக் காலத்துல ராத்திரி மூச்சுக் கருவி மாட்டிக்கிட்டுத்தான் தூங்குவானாம். பலத்துக்கு அவன் குடுத்த வாடகை அது.

உடனே நீ டீக்கடைக் கணக்கை எடுப்ப, எனக்குத் தெரியும். "தாத்தா, அவன் தன் எடையில ரெண்டரை மடங்குதான் தூக்கினான். லமார் கான்ட் 60 கிலோ பிரிவுல 1985-லயே அஞ்சு மடங்கு, 300 கிலோ கிட்டத் தூக்கிட்டான். சுலைமானோக்லு 1988 சியோல் ஒலிம்பிக்ல அதே 60 கிலோ பிரிவுல 190 கிலோவைத் தலைக்கு மேல ஏத்தினான்"ம்ப. நெசந்தான். தசையோட பலம் அதோட குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடம்பு வளர வளர எடை அதைவிட வேகமாக் கூடும். அதனால சின்ன உடம்புக்காரன் மடங்குக் கணக்குல முந்துவான். ஆனா மேடையில மடங்கைத் தூக்கச் சொல்ல மாட்டான்லே. கிலோவைத்தான் தூக்கச் சொல்லுவான்.

அது மட்டுமா? லாரி இழுக்கச் சொல்லுவான். அங்க கனம் உள்ளவன் முன்னால சாஞ்சாலே லாரி அசையும், உன்னை மாதிரிப் பயலுக்குச் செருப்புதான் தேயும். தோள்ல இரும்புச் சட்டத்தை ஏத்தி நடக்கச் சொல்லுவான், அங்கயும் உடம்புதான் தாங்குகட்டை. தடிமனான இரும்பு உருளையை மார்புக்கு ஏத்தித் தலைக்கு மேல தள்ளணும். உனக்கும் ஒரு நல்ல காலம் உண்டு. சாக்கையும் பீப்பாயையும் தூக்கிட்டு ஓடிப்போய் அடுக்குத போட்டியில கனத்தவன் ரெண்டாவது நடைக்கே மூச்சு வாங்குவான், நீ நாலாவதுக்குப் பறக்கலாம். பறக்கதுக்கு வயித்துல ஏதாவது கிடக்கணும், அதுதான் விசயம்.

கல்லைப் பாரு. அட்லஸ் கல்லுன்னு உருண்டையா, பிடிமானமே இல்லாத காங்கிரீட்டுக் குண்டு. முன்னங்கை முழுக்கப் பிசினைத் தடவிக்கிட்டு, குனிஞ்சு, விரலைக் கல்லுக்கு அடியில சொருகி, நெஞ்சோட அணைச்சு மொதல்ல தொடைக்குக் கொண்டுவருவாங்க. அங்க அதை மடியில வெச்சு ஒரு மூச்சு. அப்புறம் கை ரெண்டையும் கல்லோட மேல்பாதிக்கு மாத்திப் போட்டு, இடுப்பை முன்னால ஒரு தள்ளு. கல்லு நெஞ்சுல உருண்டு மேடைமேல ஏறும். கையை எடுக்கையில பிசினோட ரோமமும் சேந்து வரும்.

இதைப் பாத்து நான் வாயப் பொளக்கலை. நம்ம ஊர் இளவட்டக்கல்லும் இதே பாடந்தான். குனி, அணை, மடிக்கு ஏத்து, நெஞ்சுக்கு ஏத்து, தோளுக்கு ஏத்திப் பின்னால போடு. வடலிவிளையில இன்னைக்கும் பொங்கலுக்குத் தூக்குதாவ, பொம்பளப் புள்ளைகளும் தூக்குது. கல்லைத் தூக்கினவனுக்குத்தான் பொண்ணுன்னு அந்தக் காலத்துப் பேச்சு. அப்ப எவனும் மாப்பிள்ளையைத் தராசுல ஏத்தலை. அதே மாதிரி ஐஸ்லாந்துல ஒரு கடற்கரையில நாலு கல்லு கிடக்கு. முழுப்பலசாலி 154 கிலோ, அரைப்பலசாலி 100, அதுக்குக் கீழ 54, கடைசியா உதவாக்கரைன்னு ஒண்ணு 23. அந்தக் காலத்துல அந்த 54-ஐயாவது தூக்கினாத்தான் கடலுக்குப் போற படகுல இடம் குடுத்தான். அங்க பிரிவு கல்லுக்குத்தான்லே, ஆளுக்கில்ல. கடலுக்குப் போனவனை நேத்து என்ன எடை இருந்தன்னு எவன் கேட்டான்?

சரி, நீதான் பிடிவாதக்காரனாச்சே, தாத்தாவே வழி சொல்லுதேன், கேட்டுக்கோ. போட்டிக்கு மொத நாள் எடை பாப்பானாம். நீ புதுசா வாங்கி வெச்சிருக்கியே அந்த டிஜிட்டல் தராசு, அதைக் கட்டிலுக்கடியில வெச்சுக்கோ. மணிக்கொரு தரம் ஏறு. தண்ணிச் செம்பைக் கண்டா கும்பிட்டுட்டு விலகு. வேர்வை வடியக் கம்பளியைச் சுத்திக்கோ, வாயில ஊறுததைத் துப்பு. எடை பாக்கையில 80 காட்டும், எல்லாரும் கைதட்டுவான். மறுநாள் மேடையில கல்லு முன்னால நிப்ப. தொடை பிடிக்கும், கண்ணு இருட்டும், நெஞ்சு படபடங்கும். கல்லு மட்டும் ஒரு கிராம் குறையாம அப்படியே உக்காந்திருக்கும். அதுக்கு எவனும் பட்டினி சொல்லித்தரலை பாரு.

சிரிக்காதலே. 1997 கடைசியில அமெரிக்காவுல மூணு கல்லூரி மல்யுத்தப் பயலுவ இப்பிடித் தண்ணியைக் குறைக்கப்போய்ச் செத்தே போனானுவ. அப்புறந்தான் அங்க விதியையே மாத்தினான். 2024 பாரீஸ் ஒலிம்பிக் மல்யுத்தத்துல நம்ம வினேஷ் போகாட் புள்ள ஒரே நாள்ல மூணு பேரை வீழ்த்தி இறுதிச் சுத்துக்கு வந்துச்சு. மறுநாள் காலையில 100 கிராம் கூடிப்போச்சுன்னு வெளிய அனுப்பிட்டான். முடியைக்கூட வெட்டிப் பாத்துச்சு. அந்தப் புள்ள கதை வேற. அது ஏற்கெனவே 53 கிலோவுல நின்னது. அந்தப் பிரிவுல வேற ஒருத்திக்கு இடம் போயிட்டதால 50-க்கு இறங்க வேண்டி வந்துச்சு. உனக்கு என்னலே கேடு? 90-ல இடமில்லைன்னு எவன் உன்னை விரட்டினான்?

விசயம் எனக்குப் புரியாமலில்ல. 90-ல போனா அங்க நல்லாத் தின்னு, நல்லாப் பழகி, 89.9-ல வந்து நிக்கான் பாரு, அவன்கிட்ட அடி வாங்கணும். 80-க்கு இறங்கினா நீதான் பெரியவன். அஞ்சாங்கிளாஸ்ல படிக்கப் பயந்து ரெண்டாங்கிளாஸ்ல போய் உக்காந்து மொத ராங்க் வாங்கினவன் மாதிரிதாம்லே இது. அதுலயும் ஒரு கிறுக்குத்தனம் பாரு, உன்னை மாதிரியே யோசிச்சு இன்னும் நாலு 86 கிலோக்காரனும் அங்க வத்திப்போய் வந்து நிப்பான். பாவம், நெசமாவே 79 கிலோ இருக்கவன் எங்க போவான்?

மொதப் போட்டிக்கு எந்த எடையோட காலையில எந்திரிக்கியோ அந்த எடையோட போய் நில்லு. 86-ன்னா 90-க்குக் கீழ. அடி வாங்குவ, வாங்கு. எதுல அடி வாங்குதன்னு பாரு. லாரியிலயா, கல்லுலயா, கைப்பிடியிலயா? அதுல ஒரு வருசம் உழை. கூடவே ரெண்டு கிலோ கறி வெக்கட்டும் உடம்பு. அதுக்காக ஒரேயடியாத் தின்னு 92 ஆயிராத. அப்புறம் 104 கிலோக்காரன் பக்கத்துல நின்னுக்கிட்டு, "தாத்தா, 90-க்கு இறங்கட்டுமா"ன்னு மறுபடி வந்து நிப்ப.

எந்திரி. உங்க அம்மை அயிரை மீன் குழம்பு வெச்சிருக்கா, போய்த் தின்னு. போறப்ப அந்தத் தராசை இங்கன வெச்சுட்டுப் போ. உளுந்து மூட்டை நிறுக்க ஒண்ணு வேணும்னு உங்க ஆச்சி கேட்டுக்கிட்டே இருக்கா.