தகரத் தகட்டுக்கு வந்த வாழ்வு

இன்றைக்கு மேடையில் 'டும் டும்' என்று நெஞ்சுக்குள் இடிக்கிற பேஸ் கிற்றார்களுக்கெல்லாம் பூட்டன், 1951இல் லியோ ஃபெண்டர் செய்துவிட்ட 'பிரிசிஷன் பேஸ்'. கலிபோர்னியாவில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர், அதற்கு முன்பு கணக்கு எழுதியவர். சரி, ஆள் பெரிய வித்துவானாக இருந்திருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கிற்றார் வாசிக்கவே தெரியாதாம்!

அந்தப் பெயரைப் பாருங்கோ: பிரிசிஷன். துல்லியமாம். முந்தைய டபுள் பேஸில் விரல் ஒரு நூல் விலகினாலும் சுருதி போய்விடும். லியோ வீணைக்கு இருப்பதுபோல மெட்டு அடித்து அதைத் தீர்த்தார். நல்ல விஷயம். ஆனால் கம்பியின் மறுமுனை இருக்கிற பிறிட்ஜில் என்ன செய்தார் தெரியுமோ? கம்பி நாலு, அதைத் தாங்கும் சாடில் இரண்டு. ஒரு கம்பியின் சுருதியைச் சரிபண்ணினால் பக்கத்துக் கம்பி கோவித்துக்கொள்ளும். நாலு கம்பிக்கு நாலு சாடில் கிடைத்தது 1957இல். கணக்கு எழுதியவருக்கு நாலு வரை எண்ண ஆறு வருஷம்!

பிறிட்ஜ் என்றால் ஏதோ பெரிய சாமான் என்று நினைக்காதீர்கள். வளைத்துவிட்ட ஒரு தகடு, அவ்வளவுதான். அதை மறைக்க மேலே பளபளக்கும் குரோம் மூடி, மூடிக்குள் கம்பியின் கார்வையை அமுக்க ஒரு துண்டு பஞ்சு. வாங்கினவர்கள் வீட்டுக்குப் போனதும் செய்த முதல் வேலை, அந்த மூடியைக் கழற்றி எறிந்தது.

ஒருவர் கழற்றவில்லை. டெட்ரொயிற் மோட்டவுன் இசைத்தட்டுக் கொம்பனியில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன், உள்ளே அதே பஞ்சு, மாற்றாத பழங்கம்பி, வாசிப்பது ஒற்றை விரலால். இந்த நாலையும் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையையே ஆட வைத்தார். இசைத்தட்டு உறையில் பெயர்? 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஒன்' வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கட பக்கமும் அதே கதைதான். இளையராஜா ஒவ்வொரு சுரமாகத் தாளில் எழுதிக்கொடுக்க, சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். பாடினவர் பெயரைக் கேட்டால் நித்திரையிலும் சொல்வோம். சசியின் பெயரைக் கேட்டால், எந்தச் சசி என்போம்.

ஜேமர்சனின் விரலை வாங்க முடியாது, பிறிட்ஜை வாங்கலாம் அல்லவா? அங்கேதான் வியாபாரம் பிறந்தது. 1970களில் லியோ குவான் என்ற பெயரில் 'பேடாஸ்' பிறிட்ஜ் வந்தது. மரியாதையான வீட்டில் உச்சரிக்கக் கூடாத பெயர், கையில் எடுத்தால் கட்டி இரும்புபோலக் கனம். பாரமான பிறிட்ஜ் கம்பியின் துடிப்பைக் குறைவாகத் திருடும், ஆகவே நாதம் நீளும் என்பது சித்தாந்தம். 'றஷ்' குழுவின் கெடி லீ பூட்டினார். பிறகென்ன, ஊரெல்லாம் பூட்டியது. ஒருபக்கம் நாதத்தை நீட்டக் காசு கொடுத்தார்கள், மறுபக்கம் ஜேமர்சன் மாதிரி ஒலிக்கவேண்டும் என்று அடியில் பஞ்சும் செருகினார்கள்!

இந்தப் பேஸ் எங்கட ஆனையிறவுப் பக்கம் எப்படி வந்து சேர்ந்தது என்றும் சொல்ல வேண்டும். 1990களில் வன்னியில் கரண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் பாட்டுக் கேட்ட காலம். சுற்றுகிறவன் களைத்தால் எஸ்.பி.பி.யும் களைப்பார். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவே கேட்காது. இப்போது ஏ9 வீதியில் ஆனையிறவைத் தாண்டும் தனியார் பஸ்ஸில் பேஸைத் தவிர வேறொன்றும் கேட்காது. இரண்டுக்கும் இடையில் பாட்டைக் கேட்ட ஆட்கள் யாரோ!

லியோவுக்கு வருவோம். 1965இல் கொம்பனியை சி.பி.எஸ்.ஸுக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். அன்றிலிருந்து, விற்பதற்கு முன் செய்ததெல்லாம் தங்கம், பின் செய்ததெல்லாம் தகரம் என்று பக்தர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். லியோ சும்மா இருந்தாரா? பிறகு ஜி அண்ட் எல் என்று புதுக் கொம்பனி தொடங்கி, பழைய தகட்டை விட்டு, கனத்த பிறிட்ஜாகப் போட்டு, நான் செய்ததிலேயே திறமானது இதுதான் என்றார். செய்தவரே சொல்கிறார்! பக்தர்கள் கேட்பார்களா? ஐயாவுக்கு வயது போய்விட்டது என்று சிரித்துவிட்டு, அவர் கைவிட்ட தகட்டைத் தேடிப் போனார்கள்.

பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்தோரியஸ் இதையெல்லாம் பார்த்திருந்தால் நல்ல பகிடி. அவரிடம் இருந்தது 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ், இன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய சாமான். மெட்டெல்லாம் பிடுங்கிய அதன் கழுத்தில் படகுக்குப் பூசும் எபொக்சியை வழித்துப் பூசி வாசித்தார். சேகரிப்பாளர் யாரும் பக்கத்தில் இருந்திருந்தால் பொலிசுக்குப் போயிருப்பார்.

இப்போது காலம் திரும்பிவிட்டது. அன்றைக்குப் பேடாஸ் பூட்டினவர்கள் அதைக் கழற்றி, அந்தப் பழைய தகட்டையே தேடி வாங்கிப் பூட்டுகிறார்கள். அந்த மூடியும் வேண்டுமாம். மரத்தில் ஒரு புது ஆணி ஓட்டை தெரிந்தால் விலை சரிந்துவிடும். அதுமட்டுமா? 1995இலிருந்து ஃபெண்டர் கொம்பனியே புதுக் கிற்றாரைச் சுரண்டி, பிறிட்ஜை மங்கவைத்து, 'றெலிக்' என்று பெயரிட்டுப் புதுசைவிடக் கூடிய விலைக்கு விற்கிறது. துருவுக்கு டொலர்!

எங்களிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே. ஆனையிறவு உப்பளத்து வரம்பில், சோளகக் காற்றுக்கு முகத்தைக் காட்டி ஒரு புதுக் கிற்றாரை ஒரு பருவம் சாத்திவைத்தால் போதும், 1962ஆம் ஆண்டு பிறிட்ஜும் இதைப் பார்த்து அண்ணை என்று கூப்பிடும். காற்றுக்குக் காசில்லை, காவலுக்கு மட்டும் ஏதாவது தந்தால் சரி. எடுத்துக்கொண்டு போகும்போது உப்பைத் துடைத்துவிடாதீர்கள், விலை விழுந்துவிடும்.