சிற்றுருக் கணினியில் வட்டு மாற்றமும் வெப்பநிலை நோக்கலும்: ஓர் ஆய்வு (லண்டன், ஈஸ்ட்ஹாம் பகுதியை முன்வைத்து)

ஆய்வுப் பொருள்: 2005-இல் ஆப்பிள் வெளியிட்ட மேக் மினியும் அதன் வழித்தோன்றல்களும். முதல் மாடல் ஆறரை அங்குலச் சதுரம், இரண்டங்குல உயரம். ஆய்வு நோக்கம்: பக்கங்களை நிரப்புதல்.

வட்டு மாற்றம்: பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுக.

திறப்பு: மேற்கூட்டில் திருகாணி ஏதும் கண்ணில் படாது. பெயிண்டர் பட்டி பூசும் மெல்லிய தகட்டை விளிம்பில் செருகி நெம்புவதே மரபு. 2010-இல் அடிமூடியைத் திருகித் திறக்கும் மாடல் வந்தது; மரபு அழிந்தது. அழிந்தபின்தானே எதுவும் ஆய்வுக்குத் தகுதி பெறும்?

இனி வெப்பநிலை. இதில் இரு பள்ளியினர் உளர். வட்டு தன் சூட்டைத் தானே எழுதிவைக்கும் 194ஆம் குறிப்பைத் திரையில் விரித்து, 41 எப்போது 42 ஆகும் என விடிய விடியப் பார்த்திருப்போர் எண்பள்ளியினர். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் மூடிமேல் கை வைப்போர் கைப்பள்ளியினர். "தொட்டுப் பார்த்தால் காணும்" என்பது பின்னவர் சூத்திரம் (என் மைத்துனர், வாய்மொழி). உள்ளங்கையா, புறங்கையா என்பதில் இப்பள்ளி இரண்டாக உடைந்தது (மேற்படி மைத்துனர், ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் பஸ்ஸுக்கு நின்றபோது). புறங்கையே தொன்மையானது, சான்று ஏதும் கிடைக்காத அளவுக்குத் தொன்மையானது (அவரே, அதே பஸ், மேல்தட்டு, முன்னிருக்கை, மறுப்புக்குக் காண்க: அவர் மனைவி, தொலைபேசி வழி, ஸ்பீக்கரில், பயணிகள் அனைவரும் கேட்க). இம்முறையியலுக்குப் பொன்னாடை போர்த்திய கருத்தரங்குகள் பல.

2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து, சூட்டுக்கும் பழுதுக்கும் எல்லாரும் நினைத்திருந்த அளவு தொடர்பில்லை என்று எழுதினர். இரு பள்ளிகளும் இதைப் பொருட்படுத்தவில்லை. அந்த ஆய்வாளர்கள் ஒரு வட்டையாவது தொட்டுப் பார்த்ததாகக் குறிப்பில்லை.

2022 ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் 40.2 டிகிரி. கூகுள், ஆரக்கிள் நிறுவனங்களின் லண்டன் தரவு மையங்களிலேயே குளிரூட்டல் பழுதாகிச் சேவை தடுமாறியது. கைப்பள்ளி மூடியைத் தொட்டு, "சுடுது" என்று அறிவித்தது. எண்பள்ளி மறுக்கவில்லை. அறையில் எதைத் தொட்டாலும் சுட்டது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஒரு துணைக்குறிப்பு: இன்டெல் மாடல்களில் வட்டு மாற்றும்போது வெப்ப உணரியை மீண்டும் இணைக்க மறந்தால், விசிறி முழுவேகத்தில் இரையத் தொடங்கும். தகவல் எதுவும் வந்து சேராதபோதே உச்சத்தில் முழங்கும் இப்பண்பு பல்கலைக்கழகத் துறைத்தலைவர்களிடமும் காணப்படுகிறது. ஒப்பாய்வு தேவை.

மறுப்புரை எழுதுவோர் இக்கட்டுரையை மூன்று இடங்களிலேனும் மேற்கோள் காட்டல் வேண்டும். அச்சுச்செலவு அவர்களுடையது.