கேம்ப் ரோடு லீட் ஆடிட்டர்

கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோட்டுப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் இரண்டாவது மாடியில் இருப்பவரை எல்லோருக்கும் ‘ஆடிட்டர் சார்’ என்றுதான் தெரியும். வருடா வருடம் ஜூலைக் கடைசியில் நாலைந்து பேராவது ஃபார்ம் 16-ஐச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டு மணியை அடிப்பார்கள். “சார், கொஞ்சம் பார்த்து ரிட்டர்ன் போட்டுக் குடுங்களேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நூற்றியோராவது தடவையாக விளக்குவார்: “நான் அந்த ஆடிட்டர் இல்லைங்க. தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 லீட் ஆடிட்டர்.” வந்தவர் எண்ணைக் கேட்டே மலைத்துப் போவார். “அவ்வளவு பெரிய ஆடிட்டரா! அப்ப எங்க சின்னக் கணக்கெல்லாம் பார்க்க மாட்டீங்க.”

குரோம்பேட்டையில் தொடங்கி ஊரப்பாக்கம் வரைக்கும், இந்தப் பக்கம் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வரைக்கும் இப்போது தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். அடையாளம் காண்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க வரும்போதும் கழுத்தில் ஐ.டி. கார்டு கயிறு தொங்கும். கார்டு மட்டும் சட்டைப்பைக்குள் இருக்கும். யாரும் பெயரைப் படித்துவிடக் கூடாதே. லேப்டாப் கேமராவின் மேல் பிளாஸ்திரி. டீக்கடையில் காசு அனுப்புவதற்கு முன் க்யூ.ஆர். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்ப்பார், மேலே வேறு எவனாவது ஒட்டிவிட்டுப் போயிருக்கிறானா என்று. கடைக்காரர் முறைப்பார். அந்த மோசடி நிஜமாகவே நடப்பதுதான். கடைக்காரர் முறைப்பதும் நியாயம்தான்.

பூர்வாசிரமத்தில் நம்மவர் குவாலிட்டி ஆசாமி. மறைமலைநகர்ப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வெர்னியர் காலிப்பரும் கையுமாகத் திரிந்தவர்; ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழுக்காக ரெஜிஸ்டர் எழுதியே விரல் தேய்ந்தவர். 2022-இல் ஃபோர்டு அங்கே உற்பத்தியை நிறுத்தியபோது அந்தப் பக்கத்தில் பலருக்கும் வயிற்றைக் கலக்கியது. அப்போதுதான் நண்பர் ஒருவர் உபதேசம் செய்தார்: “மச்சான், ஒன்பதாயிரத்து ஒண்ணு உனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த ஒன்பதை மூணால பெருக்கு. இருபத்தேழாயிரத்து ஒண்ணு. சம்பளமும் அதே பெருக்கல்தான்.”

பயிற்சி 5 நாள், 40 மணி நேரம். ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்து ஹோட்டலில் ஏ.சி. ஹாலாக இருக்கலாம், சனி, ஞாயிறுகளில் வீட்டு பெட்ரூமில் ஜூமாகவும் இருக்கலாம். ஃபயர்வாலைக் கண்ணால் பார்க்காமலே இந்தப் படிப்பை முடித்துவிட முடியும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். இது பூட்டு செய்கிற படிப்பு இல்லை, பூட்டினாயா என்று கேட்கிற படிப்பு. எப்படிக் கேட்பது என்பதற்கும் தனியாக ஒரு ஐ.எஸ்.ஓ. உண்டு, எண் 19011. “பேக்கப் எடுக்கிறீங்களா?” என்று கேட்டால் உலகத்தில் எவனும் ஆமாம் என்றுதான் சொல்வான். “கடைசியா எடுத்த பேக்கப்பை எப்ப திருப்பிப் போட்டுப் பார்த்தீங்க? காட்டுங்க” என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தண்ணீர் குடிப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம்: பாதிப் பேர் ஆடிட்டர், பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறவர்கள். தயிர்சாத மயக்கத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் தத்ரூபமாக நடிப்பார்கள்.

பயிற்சியாளர்களிடம் இரண்டு ஊர்க் கதைகள் கட்டாயம் இருக்கும். குறிலில் ஒன்று, நெடிலில் ஒன்று: கும்பகோணம், கூடங்குளம். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் பணப் பரிமாற்ற அமைப்பு வழியாக 2018 பிப்ரவரியில் மூன்று போலிப் பரிமாற்றங்கள் கிளம்பின. துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். துபாய்க்குப் போனது மட்டும் வழியிலேயே தடுக்கப்பட்டது. கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது என்று வங்கியே அறிவித்தது. கூடங்குளம் அடுத்த வருடம். 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையத் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. மறுநாளே அணுமின் கழகம், நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை, உலையின் கட்டுப்பாட்டு அமைப்பை அது தொடவில்லை என்று சொன்னது. இந்த இரண்டையும் கேட்ட அன்று ராத்திரி நம்மவருக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுத்தார்.

அவர் சேர்ந்த சமயத்தில் பாடப்புத்தகமே மாறியது. 2013-ஆம் வருடத்துப் பதிப்பில் 114 கட்டுப்பாடுகள் இருந்தன. 2022 பதிப்பில் 93. பழைய சான்றிதழ் வைத்திருந்த நிறுவனங்கள் 2025 அக்டோபர் 31-க்குள் புதியதற்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தார்கள். விஷயத்தைக் கேட்ட அப்பா, “என்னடா, 21 குறைச்சிட்டானா? ஆடித் தள்ளுபடியா?” என்றார். “ஆடிட் தள்ளுபடிப்பா” என்று இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. உண்மையில் தள்ளுபடி ஒன்றும் இல்லை. 57 பழைய கட்டுப்பாடுகளை 24 ஆக மடித்து, மேலே 11 புதியதை வைத்திருந்தார்கள். தி.நகர் சேல்ஸ்மேன் புடவை மடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புரியும்.

பாஸ் செய்த அன்றே லிங்க்ட்இன்னில் பெயருக்குப் பின்னால் வால் முளைத்துவிடும். பரீட்சையில் தேறியதற்கும் ஒரு ஆடிட் குழுவை நடத்துவதற்கும் நடுவில், பெரியவர்களோடு பல ஆடிட்டுகளுக்குப் பை தூக்கிக்கொண்டு போகிற காலம் ஒன்று இருக்கிறது. அந்த வரி மட்டும் வாலில் இருக்காது. சிலர் ‘செர்ட்-இன் எம்பேனல்ட்’ என்றுகூடச் சேர்த்துக்கொள்கிறார்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தன் ஆடிட்டர் பட்டியலில் வைப்பது நிறுவனங்களை, ஆட்களை அல்ல. அடுத்தது சீசா. தகவல் அமைப்புத் தணிக்கைக்காக ஐசாகா சங்கம் 1978-லிருந்து தரும் பட்டம். 4 மணி நேரத்தில் 150 கேள்வி. பரீட்சையில் தேறினாலும் 5 வருட அனுபவம் காட்டினால்தான் பட்டம் கைக்கு வரும். நம்மவர் அந்தப் புத்தகத்தை வாங்கிவிட்டார். ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

சான்றிதழ் தரப் போகிற ஆடிட்டருக்கு ஒரு விதி: குறையைச் சொல்லலாம், நிவர்த்தி சொல்லக் கூடாது. சொன்னால் அது ஆலோசனை. தான் சொன்னதையே தான் வந்து தணிக்கை செய்கிற மாதிரி ஆகிவிடும். ஆபீஸுக்கு நல்ல விதிதான். வீட்டுக்கு ஆகாது.

“சாம்பார்ல ஒரு அப்சர்வேஷன் இருக்கு.”

“என்னங்க, உப்பா, புளியா?”

“அதை நான் சொல்லக் கூடாது. ரூட் காஸ் நீதான் கண்டுபிடிக்கணும்.”

அன்று அவர் ரசத்தோடு எழுந்துவிட்டதாகத் தகவல்.

குடியிருப்பிலும் சும்மா இருக்கவில்லை. வாசல் விசிட்டர் நோட்டில் எல்லோருடைய போன் நம்பரும் திறந்து கிடக்கிறது, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் 2023-ஆம் வருடத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். சங்கத்தின் கையிருப்பு அப்போது 41 ஆயிரம். பொருளாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு நாள் செயலாளரின் வாட்ஸ்அப்பை யாரோ கைப்பற்றி, ‘அர்ஜென்ட், 5,000 அனுப்பவும்’ என்று எல்லோருக்கும் தட்டிவிட்டார்கள். நம்மவர் குரூப்பில் எழுதத் தொடங்கினார்: செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், 180 நாள் பதிவுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்… அவர் மூன்றாவது பத்திக்கு வருவதற்குள், மூன்றாவது மாடி ரிட்டயர்டு டீச்சரம்மா சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போட்டுப் புகாரே கொடுத்துவிட்டார்.

வாட்ச்மேனையும் விடவில்லை. திண்டிவனம் பக்கத்துப் பெரியவர். ஒரு ராத்திரி நம்மவர் தொப்பி போட்டுக்கொண்டு வேகமாக உள்ளே நுழைந்தார். பெரியவர் சல்யூட் அடித்தார். “ஏன் தாத்தா என்னை நிறுத்தலை?” “உங்களைத் தெரியாதா சார்?” “தெரியும்கிறதுக்கு எவிடன்ஸ் இருக்கா?” பெரியவர் பதில் பேசவில்லை. மறுநாள் நல்ல மழை, நம்மவர் கையில் ரெண்டு பை, கேட் சாத்தியிருந்தது. “ஐ.டி. கார்டு காட்டுங்க சார்.” தாம்பரத்துக்காரர்களுக்கு கேட்டில் அட்டை காட்டுவது புதிதில்லை, விமானப்படைத் தளமும் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலமும் உள்ள ஊர். ஆனாலும் சொந்த வீட்டுக்கு அட்டை காட்டி உள்ளே போனவர் இவராகத்தான் இருக்கும்.

இவ்வளவு சிரித்தாயிற்று, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிலில் ஆள் கெட்டி. ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி. ஆடிட் என்றதும் அங்கே தீபாவளிச் சுத்தம் நடந்திருந்தது. மானிட்டரில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகள் காணோம், சர்வர் ரூமிலிருந்த அட்டைப்பெட்டிகள் காணோம். மாதாந்தர ரெவ்யூ கூட்டத்தின் மினிட்ஸ் பன்னிரண்டு மாதத்துக்கும் தயார். கூட வந்த பொறியாளர்கள் எல்லாம் ஸ்கேன் ரிப்போர்ட்டில் தலையைக் கவிழ்த்திருக்க, இவர் மினிட்ஸைப் புரட்டினார். பன்னிரண்டு கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே மை. ஜனவரி மாதக் கூட்டம் நடந்ததாக எழுதியிருந்த தேதி தைப்பொங்கல். “அன்னிக்கு யார் யார் வந்திருந்தாங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் தண்ணீர் குடித்தார். மேஜர் என்.சி., அதாவது பெரிய விதிமீறல், பதிவானது. பத்து வருடம் பொய் ரெஜிஸ்டர் எழுதிய கைக்குத்தான் பொய் ரெஜிஸ்டர் உடனே தெரியும். 40 மணி நேர வகுப்பு அதைக் கற்றுத்தரவில்லை.

அவர் மேலேயும் ஒரு மேஜர் என்.சி. நிலுவையில் இருக்கிறது. எழுதியது அவர் மனைவி. ஹாலில் வைஃபை பெட்டியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருக்கிறது: பையன் பெயர், பிறந்த வருடம். வருகிற விருந்தாளிகள் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். “எப்பங்க மாத்துவீங்க?” என்று கேட்டால், “ரிஸ்க் அக்செப்டட்” என்கிறார். அந்தம்மா காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். எட்டு மாதம் ஆகிறது.

போன ஜூலையிலிருந்து ஒரு மாறுதல். விளக்கிச் சொல்லிச் சலித்துப்போய், ஃபார்ம் 16-ஐ வாங்கி ரிட்டர்னும் போட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். பணம் வாங்குவதில்லை. ஆனால் வாடகை ரசீதை நீட்டினால் வெளிச்சத்தில் பிடித்து, பன்னிரண்டு கையெழுத்தும் ஒரே பேனாவா என்று பார்க்கிறார். அவரிடம் போகிறவர்கள் ரெண்டு மூன்று பேனா மாற்றி எழுதிக்கொண்டு போவது நல்லது.