எதிர்கால நோயாளிகளின் விண்ணப்பம்

அனுப்புநர்: திண்டிவனம் பக்கத்து ஒலக்கூர் வட்டார எதிர்கால நோயாளிகள்.

பெறுநர்: மக்கள் நல்வாழ்வுத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: அவசரச் சிகிச்சைப் பிரிவில் நெரிசலை உண்டாக்குவதற்கு வருத்தம் தெரிவித்தலும் திருந்த வழி கோருதலும்.

மாண்புமிகு துறைக்கு,

அவசரப் பிரிவில் கூட்டம் சேர்வதற்கு அங்கே வருபவர்களே காரணம் என்னும் நிர்வாகக் கண்டுபிடிப்பை விண்ணப்பதாரர்கள் முழுமனத்துடன் ஏற்கின்றனர். 2007இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாண மருத்துவமனைகளை ஆராய்ந்தவர்கள், சிறு உபாதைக்காக வருபவர்களால் பிறரின் காத்திருப்பு மிகச் சொற்பமாகவே கூடுகிறது என்று எழுதியிருப்பினும், அவர்கள் திண்டிவனம் பக்கம் வந்தவர்கள் அல்லர் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

எனவே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகிறவர்கள், புறநோயாளிப் பிரிவு திறந்திருக்கும் முற்பகலில் மட்டும் அடிபடுமாறு பணிக்கப்படலாம். வரப்பில் திரியும் கண்ணாடிவிரியன்களுக்கும் சுற்றறிக்கை ஒன்று தேவை. அவற்றின் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் பழுதாக்குவதால், கடிபட்டவருள் சிலருக்கு நச்சுமுறி மருந்தோடு டயாலிசிஸும் வேண்டியதாகி, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ 'ரெஃபர்' எழுதும் வேலை மருத்துவருக்கு நேர்கிறது.

2003இல் அமெரிக்க மருத்துவர் பிரென்ட் ஆஸ்ப்ளினும் குழுவினரும் அவசரப் பிரிவு நெரிசலை வரத்து, உள்நடப்பு, வெளியேற்றம் என மூன்றாகப் பகுத்தனர். இவற்றுள் மூன்றாவதைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று தோன்றுகிறது. ஏனெனில் உள்நோயாளியாகச் சேர்க்க முடிவான பின்னும் வார்டில் படுக்கை கிடைக்காமல் ஒருவர் அவசரப் பிரிவின் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பது, அதாவது மருத்துவர்கள் 'போர்டிங்' எனக் குறிப்பது, வாசலில் நிற்கும் காவலரால் விரட்டக்கூடிய குற்றம் அன்று. வார்டிலோ, குணமானவர் பெரிய மருத்துவரின் கையொப்பத்துக்காகவும் காப்பீட்டுத் தாளுக்காகவும் மாலைவரை படுக்கையைக் காத்து வருகிறார்; ஞாயிறு குறுக்கிட்டால் திங்கள்வரை. தேறியவரை ஊருக்கு அருகிலுள்ள வட்ட மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு வலுப்பெற்றால் மேலே இடம் பிறக்கும். ஆனால் 'ரெஃபர்' என்னும் சாலை மேல்நோக்கி மட்டுமே போடப்பட்டதாகத் தெரிகிறது.

விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம், 2021 டிசம்பரில் ஒலக்கூருக்கு வடக்கேயுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. உயிர்களைக் காக்கும் அத்திட்டத்தை இவ்வட்டாரம் நன்றியுடன் போற்றுகிறது. அந்த 48 மணி நேரத்தில் படுக்கைக்காகக் காத்திருக்கும் நேரமும் அடங்குமா என்பதை மட்டும் துறை தெளிவுபடுத்துமாறு வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
மேற்படியார்.

குறிப்பு: விரியன்கள் தரப்பில் கையொப்பம் பெற இயலவில்லை.