மறுபடியும் ஒரு மெடெல்லஸ்

கி.மு. 143இல் ரோமின் கான்சல் யார்? குவின்டஸ் சிசிலியஸ் மெடெல்லஸ். 123இல்? குவின்டஸ் சிசிலியஸ் மெடெல்லஸ். 109, 98, 80, 69, 60, 57? அதே பெயர்தான், ஆள்தான் வேறு. ஆண்டுக்கு இரண்டே பேருக்குக் கிடைக்கும் உச்சப் பதவி அது. 119இல் ஒரு லூசியஸ் மெடெல்லஸ் வந்தார்; 117இல் அவருடைய பங்காளி, இன்னொரு லூசியஸ் மெடெல்லஸ். 15 ஆண்டுகளில் ஒரே வம்சத்திலிருந்து ஆறு கான்சல்கள். இதற்குப் பெயர் குடியரசாம்!

ஆளை அடையாளம் காணப் பட்டப்பெயர் வேண்டியிருந்தது. மாசிடோனியாவை நசுக்கியவர் மாசிடோனிகஸ், கிரீட்டை அடக்கியவர் கிரெடிகஸ். நாட்டையும் பிடுங்கி, அதன் பெயரையும் பிடுங்கிக்கொண்டார்கள். நுமிடிகஸ் இன்னும் விசேஷம்: நுமிடியப் போரை அவர் முடிக்கவே இல்லை. முடித்தவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த மாரியஸ். வம்சப் பெருமை எதுவும் இல்லாத அந்த மனிதர், கான்சல் தேர்தலில் நிற்க விடுப்புக் கேட்டார். என்ன அவசரம், என் மகனோடு சேர்ந்து நிற்கலாமே என்றாராம் நுமிடிகஸ். மாரியஸுக்கு ஐம்பது நெருங்குகிறது. அந்த மகனுக்கு இருபதுதான். அவன் பெயரைச் சொல்லவும் வேண்டுமா?

வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அக்காவும் சிசிலியா, தங்கையும் சிசிலியா. போர் நடத்தவோ தேர்தலில் நிற்கவோ போகாதவர்களுக்குத் தனிப்பெயர் எதற்கு?

கடைசியில் சொந்த முன்னோர் யார் யார் என்பதே இந்த வம்சத்துக்குக் குழம்பிப்போனது. சிப்பியோ வம்சத்தில் பிறந்து, மெடெல்லஸ் வீட்டுக்குத் தத்துப்போய், இரண்டு பெயரையும் சுமந்து 52இல் கான்சலான மெடெல்லஸ் சிப்பியோ, கேபிடல் குன்றில் பொன்முலாம் பூசிய குதிரைவீரர் சிலைகளை வரிசையாக நிறுத்தினார். கொள்ளுத்தாத்தா சிப்பியோ நாசிகா வகிக்காத சென்சார் என்ற உயர்பதவியை அவர் பெயரோடு பொறித்துவிட்டார். தன் கொள்ளுத்தாத்தா சென்சார் இல்லை என்பதுகூட இவருக்குத் தெரியாதா என்று அக்கால அரசியல்வாதி சிசெரோ கடிதத்தில் கிண்டலடித்தார்.

ஆனால் நாசிகா உண்மையிலேயே செய்த ஒன்றை மறக்கலாமா? ஏழைகளுக்கு நிலம் பங்கிடச் சட்டம் கொண்டுவந்த டைபீரியஸ் கிராக்கஸை 133இல் அடித்துக் கொன்ற செனட்டர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் இந்தப் பெரிய மனிதர்தான். அப்போது ரோமின் தலைமைப் பூசாரியும் அவரே. கிராக்கஸோடு முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிணங்களை டைபர் ஆற்றில் வீசினார்கள். செனட் நாசிகாவைத் தண்டிக்கவில்லை. ஆசியாவுக்குத் தூதராக அனுப்பிவைத்தது.