திறக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பாராட்டு

2020 அக்டோபர் 31 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஊரடங்குத் தளர்வு அறிவிப்பை யாரும் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. நான் பாராட்டுகிறேன். நவம்பர் 10 முதல் திரையரங்குகளைப் பாதி இருக்கைகளுடன் திறக்கலாம். அன்றே கேளிக்கைப் பூங்காக்களையும் உயிரியல் பூங்காக்களையும் அருங்காட்சியகங்களையும் திறக்கலாம். 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகள் நவம்பர் 16 முதல் நடக்கலாம். எது முந்தி, எது பிந்தி என்பதில் துளிக் குழப்பமும் இல்லை. மனதில் இருக்கும் வரிசையைத் தாளில் அப்படியே இறக்கி வைக்க எல்லா அரசுக்கும் துணிச்சல் வராது.

பள்ளி விஷயத்தில் நவம்பர் 9 அன்று பெற்றோரைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். 12 அன்று பள்ளித் திறப்பைத் தள்ளி வைத்தார்கள். கேட்டதும் நல்லது, கேட்டபடி நடந்ததும் நல்லது. பெற்றோர் பயந்த அதே வாரத்தில் பூங்காவையும் தியேட்டரையும் திறக்கும் அனுமதி சொன்ன தேதியில், சொன்னபடி நடப்புக்கு வந்தது. பள்ளி 2021 ஜனவரி 19 வரை காத்திருந்தது. அதுவும் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளி வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1 அன்று. மூடியதிலிருந்து பத்தொன்பது மாதங்களுக்கு மேல். கேளிக்கைக்கு எட்டு மாதம்கூட ஆகவில்லை.

தேனி மாவட்டத்தில், எங்கள் உத்தமபாளையத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகும் கேளிக்கைப் பூங்கா கிடையாது. பெரிய பூங்கா வேண்டுமென்றால் மதுரைக்குப் போய், பரவைப் பக்கம் இருக்கும் ‘அதிசயம்’ பூங்காவைப் பார்க்க வேண்டும். ஆகவே இந்தத் தளர்வினால் எங்கள் பள்ளத்தாக்குக்கு நேரடியாக வந்தது ஒன்றுமில்லை. அதனால்தான் யார் பக்கமும் சாயாமல் அதைப் பற்றி எழுத முடிகிறது.

தமிழ்நாடு நவம்பரில் செய்ததற்கு வழி விட்டது மத்திய உள்துறை அமைச்சகம். 2020 செப்டம்பர் 30 அன்று வந்த ஐந்தாம் கட்டத் தளர்வு ஆணை, அக்டோபர் 15 முதல் கேளிக்கைப் பூங்காக்களை அனுமதித்தது. அதே ஆணையில் இன்னொரு பகுதியும் உண்டு. 65 வயதைத் தாண்டியவர்கள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோர் அத்தியாவசியத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் தவிர வெளியே வராமல் வீட்டிலேயே இருக்குமாறு அது அறிவுறுத்தியது. இந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஊஞ்சலும் சறுக்குமரமும் யாருக்காகச் செய்தவையோ அவர்களை வரவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பூங்காவைத் திறந்தார்கள். தாத்தா, பாட்டி, பிள்ளைத்தாச்சியான மகள், ஒன்பது வயதுப் பேரன், இவர்களைக் கழித்தால் வீட்டில் மிஞ்சுவது சம்பாதிக்கிற ஆள்தான். டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பதும் அவர்தான். பூங்கா எதை நம்பி ஓடுகிறது என்று தெரிந்து எழுதிய ஆணை அது.

அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் பூங்காக்களுக்கென்றே தனி நெறிமுறை போட்டது. வாசலில் காய்ச்சல் பார்க்க வேண்டும். ஆறடி இடைவெளிக்குத் தரையில் குறி போட வேண்டும். அடிக்கடி கைபடும் இடங்களை மருந்து போட்டுத் துடைக்க வேண்டும். குளிர்சாதனம் எத்தனை டிகிரியில் ஓட வேண்டும் என்பது வரைக்கும், 24 முதல் 30 என்று, எழுதிக் கொடுத்தார்கள். படித்தபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது. இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கத் தெரிந்தவர்கள் ஓர் அங்கன்வாடிக் கட்டடத்தில் பதினைந்து குழந்தைகளை எப்படிப் பிரித்து உட்கார வைப்பது, சன்னலை எப்போது திறந்து வைப்பது, சத்துமாவு உருண்டையை எப்படிக் கொடுப்பது என்று எழுத ஒரு பிற்பகல் போதும். பூங்கா திறப்பதற்குள் அந்தப் பிற்பகல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நான் பூங்காவைத் திறந்ததே பாவம் என்று சொல்ல வரவில்லை. அங்கே துடைப்பவர்களுக்கும் இயந்திரம் ஓட்டுபவர்களுக்கும் சம்பளம் வேண்டும். அடைத்த அறைக் காற்றில் பரவுகிற நோய் திறந்தவெளியில் அவ்வளவு பரவுவதில்லை என்பது அந்த ஆண்டின் பாதிக்குள்ளாகவே மருத்துவ உலகம் பேசத் தொடங்கிய விஷயம். உலகமும் இதில் ஒரே பக்கம் நிற்கவில்லை. புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்ட் 2020 ஜூலை 11 அன்று திறந்தது. மறுநாள் அந்த மாநிலத்தில் ஒரே நாளில் 15,000 பேருக்கு மேல் தொற்று என்று கணக்கு வந்தது. அதே நிறுவனத்தின் கலிபோர்னியா பூங்கா 2021 ஏப்ரல் 30 வரை மூடியே கிடந்தது. ஜப்பானில், வாய்விட்டுக் கத்தினால் எச்சில் தெறிக்கும் என்பதால் மனதுக்குள் கத்திக்கொள்ளுங்கள் என்று சவாரி செய்பவர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு நாடும் ஏதோ ஒன்றைக் கணக்கிட்டுத்தான் கதவைத் திறந்தது. நம் அரசும் கணக்கிட்டது. கணக்கிடத் தெரியாத அரசு என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது.

திறக்கும் கலையில் நம் அரசின் கைத்திறனைப் பார்க்க வேண்டுமென்றால் டாஸ்மாக் மதுக்கடைகளைப் பார்க்க வேண்டும். இதில் நான் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். 2020 மார்ச் 24 மாலை மூடிய கடைகளை மே 7 அன்று திறந்தார்கள். நாற்பத்து மூன்று நாள். சவுக்குக் கம்பால் தடுப்பு, சுண்ணாம்பு வட்டம், வரிசையை ஒழுங்குபடுத்தப் போலீஸ். விதிகள் காற்றில் பறந்தன என்று மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு சோர்ந்து உட்காரவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போய் மே 15 அன்று தடை வாங்கியது. மே 16 அன்று கடை திறந்தது. கடைக்கு நாளொன்றுக்கு 500 டோக்கன், கிழமைக்கு ஒரு நிறமாக ஏழு நிறம். எட்டு நாளுக்குள் வழக்கு, வாதம், அச்சடிப்பு, விநியோகம், கூட்டக் கட்டுப்பாடு அத்தனையும் நடந்தன. 2021-இல் ஆட்சி மாறிய பிறகும் இந்தத் திறமை மாறவில்லை. ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் கடைகள் திறந்தன. தேனி அந்தப் பட்டியலில் இருந்தது. கட்சி வேறானாலும் கைத்திறன் மாறாமல் வந்து சேர்ந்ததைப் பாராட்டாமல் எப்படி இருப்பது?

சொன்னால் கேட்கும் குணமும் உண்டு. 2021 ஜனவரி 4 அன்று தியேட்டர்களில் எல்லா இருக்கைகளையும் நிரப்பலாம் என்றார்கள். பொங்கலுக்குப் பெரிய படம் வரவிருந்த நேரம். மருத்துவர்கள் பதறினார்கள், மத்திய அரசு கடிதம் எழுதியது. நான்கு நாளில், ஜனவரி 8 அன்று, பழையபடி பாதி இருக்கை என்று மாற்றிக்கொண்டார்கள். தவறு என்று தெரிந்ததும் நான்கு நாளில் திருத்திக்கொள்ளும் அரசு கிடைப்பது அரிது. பள்ளத்தாக்கிலிருந்து போன முறையீடுகளுக்கு ஏன் அந்த வேகம் வாய்க்கவில்லை என்றால், நாங்கள் டெல்லியிலிருந்து கடிதம் எழுதவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கேளிக்கைப் பூங்கா எது என்று கேட்டால் இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும்: வீரபாண்டித் திருவிழா. தேனியிலிருந்து உத்தமபாளையம் வரும் சாலையில், முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில். சித்திரையில் எட்டு நாள். கொடிக்கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றவும், தீச்சட்டி எடுக்கவும், ஆயிரங்கண் பானை சுமக்கவும் மாவட்டம் முழுக்க வந்து சேரும். இராத்திரி பகல் பேருந்து ஓடும். சாமி கும்பிட்டு வெளியே வந்தால் ராட்டினத் திடல். ராட்சத ராட்டினம், குடை ராட்டினம், கொலம்பஸ் கப்பல், டிராகன் ரயில், மரணக் கிணறு. சின்னமனூர், கோம்பை, தேவாரம், கூடலூர் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வாழ்க்கையில் முதன்முதலாக வயிறு கலங்கிக் கத்தியது அங்கேதான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியற்காலை ஜீப் ஏறுகிற பெண்கள் வருடத்தில் ஒருநாள் தங்களுக்கென்று காசு செலவழிப்பதும் அங்கேதான். மேலே வானம், நாலு பக்கமும் காற்று, ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவே இரும்பின் இடைவெளி.

அந்தத் திடல் இரண்டு சித்திரையில் வெறுமையாகக் கிடந்தது. 2020-இல் முழு ஊரடங்கு. அதில் எனக்கு வழக்கில்லை, அன்று யாருக்கும் எதுவும் தெரியாது. அக்டோபர் 31 அறிவிப்பில் கேளிக்கைப் பூங்காவுக்கு இடம் கிடைத்தது. ஊர் ஊராகப் போகும் ராட்டினக்காரருக்கு அதில் எந்தக் கதவும் இல்லை. அவருக்குச் சுற்றுச்சுவர் இல்லை, நிரந்தர வாசல் இல்லை, வெப்பமானியை யார் கையில் கொடுப்பது என்று எழுத ஒரு மேலாளர் இல்லை. திருவிழா இருந்தால் அவர் உண்டு, இல்லையென்றால் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர் திருவிழாவின் ஒரு பகுதி. அவருடைய இரும்பு லாரியிலேயே கிடந்து துருப்பிடித்தது. வாங்கிய கடனின் வட்டிக்கு ஊரடங்கு கிடையாது. கூடவே பலூன்காரர், வளையல்காரர், பஞ்சுமிட்டாய்க்காரர், கரும்புச்சாறு பிழிபவர். இவர்களுடைய ஆண்டு வருமானம் பங்குனியிலிருந்து ஆடி வரைக்குமான சில வாரங்களில் அடங்கிவிடும். பன்னீர் திராட்சை பழுத்த வாரத்தில் லாரி போகாவிட்டால் தோட்டக்காரர் கதி என்னவோ அதேதான் இவர்களுக்கும். அப்படி விற்காமல் நின்ற திராட்சையையும் அந்தச் சித்திரையில் நாங்கள் பார்த்தோம்.

2021-ஐச் சொல்லும்போது காலந்தவறாமையைப் பாராட்டியாக வேண்டும். மார்ச் முழுக்கத் தேர்தல் பிரசாரம். மேடை, மாலை, மலர் தூவல், லாரியில் ஏற்றி இறக்கிய கூட்டம். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. ஏப்ரல் 8 புதிய கட்டுப்பாடுகள் அறிவிப்பு. ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்கும் மதக் கூட்டங்களுக்கும் முழுத் தடை. தியேட்டருக்கோ பாதி இருக்கை அனுமதி. ஒரு வாக்குச்சாவடிகூட இந்தத் தடையால் பாதிக்கப்படவில்லை. மைக் ஓய்ந்த பிறகு கிருமி வந்தது போலத் தேதிகள் அமைந்தன. மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. அந்த மே மாதத்தில் வீரபாண்டித் திருவிழா நடந்திருக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. தடை சரி. அந்தத் தடை தேவைப்படும் நிலைக்கு மாநிலத்தைக் கொண்டுபோன கூட்டங்களுக்கும் அதே பேனா ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதத் தெரியாத பேனா இல்லை அது.

இடையில் ஒரு காலம் இருந்தது: 2020 நவம்பரிலிருந்து 2021 பிப்ரவரி வரை. தொற்று இறங்கிய மாதங்கள். பூங்காவுக்கும் தியேட்டருக்கும் ஏற்ற காலம் என்று அரசே நம்பிய மாதங்கள். அப்போது தாலுகா அலுவலகத்தில் ராட்டினக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். பொதுப்பணித் துறைப் பொறியாளர் இரும்பைச் சோதிக்கட்டும், சுகாதார ஆய்வாளர் கைப்பிடியைச் சோதிக்கட்டும், ஒரு பெட்டிக்கு ஒரு குடும்பம் மட்டும் ஏறட்டும், முகக்கவசம் இல்லாதவர் ஏற வேண்டாம் என்று சொல்லி, திருவிழா இல்லாமலே ஊர் மைதானத்தில் ஓட்ட அனுமதித்திருக்கலாம். ஊருக்குள் காற்றோட்டமாக இருந்திருக்கும். பத்து மாதம் வீட்டுக்குள் போனையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஆகாயம் தெரிந்திருக்கும். இதற்கு ஏழு நிறம்கூடத் தேவையில்லை, ஒரு நிற டோக்கன் போதும்.

2022 சித்திரையில் வீரபாண்டியில் மறுபடி ராட்டினம் சுற்றியது. திடல் ஏலம் போனது, கடைகள் நெருக்கியடித்தன, இரண்டு வருடம் வராத கூட்டமும் சேர்ந்து வந்தது. அந்த இரண்டு வருடக் கடனோடு வந்தவர்கள் எத்தனை பேர், இரும்பைப் பழைய விலைக்குப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று மாவட்ட நிர்வாகம் ஒரு கணக்கு எடுக்கலாம். டாஸ்மாக்கின் அன்றாட விற்பனையை இரவுக்குள் தொகுக்கும் அரசுக்கு அது ஒரு வார வேலை. எடுத்தால், முதல் பெயரை எழுதிக்கொள்ள உத்தமபாளையம் பேருந்து நிலையத்திலேயே ஆள் கிடைப்பார்.