முதல் பக்கத்துலயா ஆரம்பிச்சே?

ஏல பேராண்டி, திரிபிடகம் பூராவும் வாங்கி அலமாரியில அடுக்கிட்டியாமே! ஆசையை விடுன்னு சொன்ன மனுசன் பேருல இருக்குற புஸ்தகத்து மேலயே உனக்கு இம்புட்டு ஆசை. சரி, எதைத் தொட்டே? மஜ்ஜிம நிகாயம், முதல் சூத்திரமா? தலை சுத்துச்சா? சுத்தத்தான் செய்யும்.

அந்த மூலபரியாய சூத்திரத்தைப் புத்தர் வாயாலயே கேட்டாங்களே பிக்குகள், அவங்களுக்கே அது ரசிக்கலைன்னு அதோட கடைசியிலயே போட்டிருக்கு. மத்த சூத்திரமெல்லாம் கேட்டவங்க சந்தோசப்பட்டதாத்தான் வழக்கமா முடியும். நேர்ல கேட்டவனுக்கே அந்தக் கதி. நீ சாய்வு நாற்காலியில படுத்துக்கிட்டு மொத நாளே ஞானம் வரணும்ங்கே.

உன்மேலயும் முழுத்தப்பு இல்ல. இந்தச் சூத்திரங்களை அடுக்குனவங்க மனப்பாடம் பண்ணுதவனுக்காக அடுக்குனாங்க. நீளமானது 34, அது தீக நிகாயம். நடுத்தரம் 152, அது மஜ்ஜிமம். விசயவாரியாச் சேத்தது சம்யுத்தம். ஒண்ணு, ரெண்டுன்னு 11 வரைக்கும் எண்ணிக்கிட்டே போறது அங்குத்தரம். மிச்சமெல்லாம் குத்தகம். இலங்கையில ஏட்டுல ஏத்துனதே கி.மு. முதல் நூற்றாண்டுலதான், அதுவரைக்கும் வாயும் காதும்தான். அதான் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். ரெண்டாந்தரம் வந்தா கண்ணை ஓட விடு, பாவம் ஒண்ணும் ஒட்டாது.

மத்த ரெண்டு பிடகத்துல, விதியெல்லாம் சொல்லுற விநயம் இப்ப வேண்டாம். பிக்குவுக்கு 227 விதி. உச்சிப்பொழுதுக்கு மேல சோறு கூடாதுன்னு படிச்சுட்டு, ராத்திரி பரோட்டாக் கடையில போயி நிப்பே. தத்துவத்தை அலசுற அபிதம்மம் என் வயசு வந்ததும் பாத்துக்கிடலாம்.

சம்யுத்தத்தைப் பிரி. கோசல சம்யுத்தம். பசேனதி ராசா மூக்குமுட்டத் தின்னுட்டு மூச்சு வாங்க வந்து உக்காருதான். அளவறிஞ்சு தின்னா நோவு குறையும், வயசும் மெதுவாத்தான் ஏறும்னு புத்தர் ஒரு பாட்டுச் சொன்னாரு, அம்புட்டுத்தான். ராசா பின்னால நின்ன சுதர்சனன்கிற பையன்கிட்ட, இதைப் பாடம் பண்ணி நான் இலையில உக்காரும்போதெல்லாம் சொல்லு, தினம் 100 கார்ஷாபணக் காசு தாரேன்னுட்டான். வரவர சோறு ஒரு நாழிக்கு இறங்கிருச்சு. உடம்பு இளைச்சதும் கையால தடவித் தடவிப் பாத்துச் சந்தோசப்பட்டானாம். உன் வயித்தைப் பாத்து நான் ஒண்ணும் சொல்லலைப்பா.

அடுத்தாப்புல பிராமண சம்யுத்தம். மகதத்துல ஏகநாளைங்கிற ஊரு, விதைப்புக் காலம். கசி பாரத்வாஜன் 500 ஏர் பூட்டியிருக்கான். புத்தர் பிச்சைக்கு வந்து நிக்காரு. நான் உழுது விதைச்சுத் தின்னுதேன், நீரும் உழுது விதைச்சுத் தின்னும்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புட்டான். சம்சாரின்னா அப்படில்ல கேக்கணும்! நானும் உழுதுதான் தின்னுதேன்ங்காரு அவரு. நுகம் எங்கே, கொழு எங்கே, மாடு எங்கேன்னு இவன் மடக்குதான். பதிலை நான் சொல்ல மாட்டேன். துட்டுக் குடுத்து வாங்கியிருக்கேல்ல, படி.

அப்புறம் மஜ்ஜிமத்துக்கே போ, ஆனா 21-ஆவது சூத்திரம். சாவத்தியில வேதேகிகைன்னு ஒரு வீட்டுக்காரம்மா, சாந்தசொரூபின்னு ஊரெல்லாம் பேரு. வேலைக்காரி காளி விவரமானவ. அம்மாவுக்குக் கோவமே கிடையாதா, இல்ல நம்ம வேலை சுத்தமா இருக்குறதால வெளிய வராமக் கிடக்கான்னு பாக்க, வேணும்னே பொழுதேறி எந்திரிச்சா. மொத நாளு மூஞ்சி சுளிச்சுது, மறுநாளு வாய் நீண்டுச்சு, அடுத்து கதவுத் தாழ்ப்பாளை உருவி மண்டையில ஒரே போடு! ரத்தம் ஒழுக ஒழுக காளி அக்கம்பக்கத்துல போயி, சாந்தசொரூபி பண்ணுன வேலையைப் பாருங்கன்னா.

இதை மட்டும் ராத்திரி சத்தமா வாசி, உன் வீட்டுக்காரியும் கேக்கட்டும். விடிஞ்சா உனக்குக் காப்பி பிந்துனாலும் பிந்தும். நான் திண்ணையிலதான் இருப்பேன்.